எழுதுவதை யார் வாசிப்பார்கள்? இசையமைப்புக் கல்லூரி தேடும் பெற்றோருக்கு

மகள் இசையமைப்பைப் பட்டப்படிப்பாக எடுக்க விரும்புகிறாள் என்றும், எந்தக் கல்லூரி முதலிடத்தில் இருக்கிறது என்று சொன்னாலே போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் வருமானம் வருமா என்ற அச்சத்தையும் சொல்லியிருக்கிறீர்கள். மற்ற படிப்புகளுக்குத் தரவரிசை ஓரளவு வழிகாட்டலாம். இசையமைப்புக்கு அது பெரிதாக உதவாது. பியானோத் துறைக்காக உலகமே கொண்டாடும் ஒரு நிறுவனத்தில் இசையமைப்புத் துறை ஓரிரு ஆசிரியர்களோடு ஒதுங்கிக் கிடக்கக்கூடும். ஆகவே பட்டியலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு கல்லூரியிடமும் முதலில் இதைக் கேளுங்கள்: முதலாண்டு மாணவி எழுதும் இசையை அங்கே யார் வாசிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை வாசிப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. இன்று பெரும்பாலான மாணவர்கள் கணினியில்தான் எழுதுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கணினி எதையும் மறுக்காது. புல்லாங்குழல் கலைஞர் மூச்சுவிட இடமே வைக்காமல் பக்கம் பக்கமாக எழுதினாலும் அது வாசித்துக் காட்டிவிடும். பல தந்திகளை விரல்களால் மீட்டும் ஹார்ப் கருவியில் ஸ்வரங்களை ஏற்றவும் இறக்கவும் ஏழு பெடல்களைக் காலால் மாற்ற வேண்டியிருப்பதால், அதற்கு அவகாசம் தராமல் எழுதிய வேகமான வரி கணினியில் அழகாக ஒலித்து, கலைஞரிடம் போனதும் நின்றுவிடும். வயலினை விடச் சற்றுப் பெரிய வயோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மிகத் தாழ்ந்த தந்தி 'சி', அடுத்தது 'ஜி'. 'ஜி'க்குக் கீழே இருக்கும் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும்படி எழுதினால், இரண்டும் ஒரே தந்தியில் விழும். எந்தக் கலைஞராலும் அதை வாசிக்க முடியாது. உடன் படிக்கும் வயோலா மாணவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, இது கையில் வராது என்று சொல்லி, மாற்று வழி ஒன்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துத் தரும் ஐந்து நிமிடத்தில் கற்பதை எந்தப் பாடநூலும் அதே அழுத்தத்தோடு கற்றுத் தராது. அப்படிப்பட்ட ஐந்து நிமிடங்கள் நிறையக் கிடைக்கும் இடமே உங்கள் மகளுக்கு ஏற்ற இடம்.

எனவே கல்லூரியின் விளக்கக் கையேட்டை விட அங்கே இறுதியாண்டில் இருக்கும் மாணவர்களை நம்புங்கள். தாங்கள் எழுதியவற்றில் எத்தனைக்கு நேரடி ஒலிப்பதிவு இருக்கிறது, மாணவர் எழுதியதை ஆர்கெஸ்ட்ரா வாசித்துப் பார்க்கும் அமர்வு பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் உண்டா அல்லது முதுகலை மாணவர்களுக்கு மட்டுமா, வாசிக்கும் கலைஞர்களைத் துறையே ஏற்பாடு செய்கிறதா அல்லது மாணவரே நண்பர்களைக் கெஞ்சித் திரட்ட வேண்டுமா என்றெல்லாம் விசாரியுங்கள். தயங்காமல் கேட்கலாம், நல்ல துறையில் இருப்பவர்கள் இவற்றைப் பெருமையோடு சொல்வார்கள்.

அடுத்தது ஆசிரியர். பெரிய பெயர் ஒன்று பட்டியலில் இருந்தால், அவர் இளங்கலை மாணவருக்கு வாரந்தோறும் தனிப்பாடம் எடுக்கிறாரா, வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிறவரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆசிரியரின் இசையைக் கேட்பதை விட அவருடைய மாணவர்களின் இசையைக் கேட்பது பயனுள்ளது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1941 முதல் 1978 வரை பாரிஸ் கான்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் கற்பித்தார். அவரிடம் பயின்ற பியேர் பூலேஸ், கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், யான்னிஸ் ஜெனாக்கிஸ் மூவரின் இசையும் ஒன்றுக்கொன்று சாயல் இல்லாதவை. மெசியானின் இசையைப் போலவும் இல்லாதவை. கட்டடக் கலைப் பணியிலிருந்து வந்த ஜெனாக்கிஸைப் பழைய முறைப்படி ஹார்மனியும் (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறை) கவுண்டர்பாயிண்டும் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைக்கும் முறை) படிக்கச் சொல்லாமல், அவருடைய கணித அறிவைக் கொண்டே இசை எழுதச் சொன்னவர் மெசியான். ஒரு துறையின் மாணவர் படைப்புகளை வரிசையாகக் கேட்டு, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருந்தால், அங்கே உங்கள் மகளின் குரல் வளர இடமிருக்குமா என்று யோசியுங்கள்.

படிப்பின் வகையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இசை இளங்கலைப் பட்டத்தில் (பி.மியூஸ்.) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இசைப் பாடங்களே இருக்கும். இசையை முதன்மைப் பாடமாகக் கொண்ட கலை இளங்கலைப் பட்டத்தில் (பி.ஏ.) பாதிக்கும் குறைவாக இருக்கும், மீதியில் கணினியியலோ பொருளியலோ சேர்த்துப் படிக்கலாம். திரைக்கும் வீடியோ கேமுக்கும் எழுத விரும்பும் மாணவிக்கு, அந்தத் துறையைத் தனியாகவே நடத்தும் பாஸ்டனின் பெர்க்லீ போன்ற கல்லூரி பொருந்தலாம். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்த ஸ்டிரிங் குவார்டெட்டுக்கு எழுதத் துடிக்கும் மாணவிக்கு அதுவே சிறந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

வருமானம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. சொந்தப் படைப்புகளுக்குக் கிடைக்கும் ஊதியத்தை மட்டும் வைத்து வாழ்கிறவர்கள் மிகச் சிலரே. பிறர் மெட்டுகளுக்கு ஆர்கெஸ்ட்ரேஷன் செய்வது (எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்று பிரித்து எழுதுவது), இசைக்குறிப்புத் தாள்களைத் தயாரிப்பது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றுவது, கற்பிப்பது என்று பல வேலைகளைச் சேர்த்துத்தான் பெரும்பாலோர் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள். ஆகையால் பெரும் கடன் வாங்கிப் புகழ்பெற்ற இடத்தில் சேர்வதை விட, உதவித்தொகையோடு நடுத்தரமான இடத்தில் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள கர்ட்டிஸ் இசை நிறுவனம் 1928 முதல் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; ஆனால் அங்கே எல்லாத் துறைகளையும் சேர்த்தே இருநூறுக்கும் குறைவான மாணவர்கள்தான் படிக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

விண்ணப்பத்தோடு பொதுவாக இரண்டு முதல் நான்கு படைப்புகளை, இசைக்குறிப்பும் ஒலிப்பதிவுமாகக் கேட்பார்கள். வெவ்வேறு கருவிச் சேர்க்கைகளுக்கு எழுதியவையாக அவை இருக்கட்டும். முடிந்தால் ஒன்றையாவது உண்மையான கலைஞர்களைக் கொண்டு பதிவுசெய்யுங்கள், சின்னக் குறைகள் இருந்தாலும் பரவாயில்லை. மகள் ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதிவந்தவள் என்றால், அதன் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டதால், எல்லாக் கோப்புகளையும் மற்ற மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்-எக்ஸ்எம்எல் வடிவில் இப்போதே சேமித்துவைத்து, அதே வகை மென்பொருளான டோரிக்கோவுக்கோ இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோருக்கோ மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பிரிட்டனின் கான்சர்வத்வார்களுக்குப் பெரும்பாலும் அக்டோபர் தொடக்கத்திலும், அமெரிக்காவின் முன்னணி இசைக் கல்லூரிகள் பலவற்றுக்கு டிசம்பர் முதல் தேதியிலும் விண்ணப்பக் காலம் முடிகிறது. ஒலிப்பதிவுக்குக் கலைஞர்களைத் தேடும் வேலையைக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.