தானியங்களின் சத்தை மரபியலால் உயர்த்த முடியுமா?

முடியும், ஆனால் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு மக்காச்சோளமே நல்ல சான்று. மக்காச்சோளப் புரதத்தில் பெரும்பகுதியான ஜீயினில் லைசின், டிரிப்டோபான் ஆகிய இன்றியமையாத அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. ஒப்பேக்-2 என்ற மரபணுப் பிறழ்வு ஜீயின் உற்பத்தியைக் குறைத்து, மற்ற புரதங்களின் பங்கைக் கூட்டுவதால் லைசின் அளவு கணிசமாக உயர்கிறது என்பதை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1964-இல் அறிவித்தார்கள். ஆனால் இந்தப் பிறழ்வுள்ள மக்காச்சோள மணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவாது. உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல மாவாக இருக்கும். எளிதில் உடையும், பூச்சி அரிக்கும், விளைச்சலும் குறையும். விவசாயி அதை ஏன் விதைப்பார்?

மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும், மணியைக் கடினமாக்கும் துணை மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் புரதத் தரத்தைச் சோதித்து, இக்குறையைக் களைந்தார்கள். அதற்காக 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். (என் பார்வையில், கண்டுபிடிப்பைவிட இந்தப் பொறுமையே பெரிது.)

கோதுமையின் கதை வேறு: காட்டு எம்மர் கோதுமையிலுள்ள ஜிபிசி-பி1 மரபணு, இலை முதிர்வை விரைவுபடுத்தி, அதிலுள்ள நைட்ரஜன், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை மணிக்கு அனுப்புகிறது. பயிரிடப்படும் பெரும்பாலான கோதுமை ரகங்களில் இது செயலற்றிருப்பதால், வழக்கமான கலப்பின் மூலம் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. முதிர்வு விரைவதால் சில சூழல்களில் மணி சிறுப்பதும் உண்டு.