இரண்டு வருடம் கழித்துப் பெயர் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் வாசலில் நின்று வரவேற்கும் ஊழியத்தை இரண்டு வருடமாகச் செய்கிறேன். எல்லோரையும் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்றே அழைத்துப் பழகிவிட்டேன். ஒரு அம்மாவை நான்கு வாரமாகக் காணவில்லை என்று போதகரிடம் சொன்னபோது, ‘யார்?’ என்று கேட்டார். ‘மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருவார்களே’ என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இனிமேல் போய்ப் பெயர் கேட்டால் மனம் வருந்தமாட்டார்களா? எனக்குப் பெயர்கள் நினைவிலும் நிற்பதில்லை.

பதில்: கேளுங்கள். வரும் ஞாயிறே தொடங்குங்கள். “இத்தனை நாள் உங்களைப் பார்க்கிறேன், பேர் கேட்டு வச்சுக்காம இருந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க பேர் என்ன?” இவ்வளவு போதும். நீளமாக விளக்கம் சொல்லப் போனால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லிப் பார்ப்பதும், ‘போன் நம்பர் கொடுங்க, சேவ் பண்ணிக்கறேன்’ என்று சுற்றி வளைப்பதும் வேண்டாம். தவறான பெயர் சொல்லி அழைப்பதுதான் மனதைப் புண்படுத்தும். கேட்பது புண்படுத்தாது.

யோவான் 20ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மெதுவாக வாசியுங்கள். தம் கல்லறையருகே அழுதுகொண்டிருந்தவளிடம், உயிர்த்தெழுந்த இயேசு முதலில், “ஸ்திரீயே, ஏன் அழுகிறாய்” என்றுதான் கேட்கிறார். சற்று முன் தேவதூதர்களும் அப்படியே அழைத்திருந்தார்கள். அவள் அவரைத் தோட்டக்காரன் என்றே எண்ணிப் பேசுகிறாள். பிறகு “மரியாளே” என்று ஒரே சொல். உடனே திரும்பி, “ரபூனி”, அதாவது ‘போதகரே’, என்கிறாள். ‘ஸ்திரீயே’ என்பது அன்றைக்கு மரியாதைக் குறைவான சொல்லல்ல. உங்கள் ‘சிஸ்டர்’ போலத்தான். ஆனால் அவளை விழிக்க வைத்தது அவள் பெயர். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று பத்தாம் அதிகாரத்தில் சொன்னவர், இங்கே அதைச் செய்து காட்டுகிறார்.

நினைவில் நிற்காததற்குக் காரணம் அன்புக் குறைவு அல்ல. ஒருவர் தச்சர் என்று கேட்டால் மரமும் உளியும் கூடவே மனதில் வந்துவிடும். பெயரோடு அப்படி எதுவும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதோடு, அவர் பெயர் சொல்லும் நொடியில் நாம் அடுத்து என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருப்போம். பெயர் காதில் விழவே விழாது. ஆகவே கேட்ட பிறகு வாயை மூடிக் கவனியுங்கள். தெளிவாக விழவில்லையென்றால் அப்போதே மறுபடி கேளுங்கள். அந்தப் பேச்சிலேயே ஒரு தடவையும் விடைபெறும்போது ஒரு தடவையும் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு ஞாயிறுக்கு மூன்று பெயர் போதும். பத்துப் பேரைக் கேட்டால் பத்தும் குழம்பும். ஆராதனை முடிந்து வீடு சேர்வதற்குள் ஒரு சிறிய நோட்டில் பெயரையும், அவர் சொன்ன ஒரு விஷயத்தையும் எழுதுங்கள். அவர் முன்னால் எழுத வேண்டாம். கண்ணாடி, புடவை நிறம் போன்றவற்றை அடையாளமாக வைக்காதீர்கள், அடுத்த வாரம் மாறிவிடும். புதன்கிழமை நோட்டைத் திறக்காமல் மூவரையும் நினைவுக்குக் கொண்டுவந்து, பெயர் சொல்லி ஜெபியுங்கள். வராத பெயருக்கு மட்டும் நோட்டைப் பாருங்கள். சனிக்கிழமை இரவு இன்னொரு தடவை. எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பாராமல் நினைவுகூர முயல்வதுதான் பெயரைப் பதிய வைக்கும்.

ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். சுவிசேஷங்களிலேயே மகதலேனா மரியாள், யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயாகிய மரியாள் என்று ஊராலும் உறவாலும் பிரித்துச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உடல் குறையை அடையாளமாக நோட்டில்கூட எழுதாதீர்கள். எழுதியது ஒருநாள் வாயில் வந்துவிடும். பெரியவர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு, ‘ராகேல் அம்மா’ என்று மரியாதையோடு சேர்த்து அழையுங்கள். பிள்ளைகளிடம் குனிந்து அவர்களையே கேளுங்கள், பெற்றோரிடம் அல்ல. நோயையும் குடும்பச் சிக்கலையும் அந்த நோட்டில் எழுத வேண்டாம். வராதவர்களின் பெயரை மைக்கில் வாசிக்கவும் கூடாது. வெட்கப்பட்டவர் திரும்பி வருவது கடினம்.

இப்போது அந்த அம்மா. ரோமர் 16இல் பவுல், தான் அதுவரை போயிராத ஊரில் இருந்த 24 பேரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். இன்னும் இருவருக்கு அங்கே பெயர் இல்லை. ஒருவர் ரூபின் தாய், “எனக்கும் தாயாகிய” என்று அவரைச் சொல்கிறார். மற்றவர் நேரேயின் சகோதரி. பெயரைக் குறிக்காவிட்டாலும் அவர்களை விட்டுவிடவில்லை, யாருடைய உறவு என்று பிடித்துக்கொள்கிறார். நீங்களும் மூன்றாவது வரிசையிலிருந்தே தொடங்குங்கள். பக்கத்தில் உட்காருகிறவரிடமும் பெண்கள் ஐக்கியத்தை நடத்துகிறவரிடமும் கேட்டு, போதகரோடு சேர்ந்து சபைப் பதிவேட்டைப் பாருங்கள். பெயர் கிடைத்ததும் முதலில் போனில் பேசி, அவர்கள் விரும்பினால் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ‘ஏன் வரவில்லை?’ என்று தொடங்க வேண்டாம். அவர்கள் பெயரைச் சொல்லி அழைத்து, உங்கள் பெயரையும் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது.