அந்த டாக்டர் நீங்கள்தானா?

அன்புள்ள சார்,

கூரியர்காரர் உங்கள் பார்சலை அதே பெயர் கொண்ட பக்கத்துத் தெருக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன். என் கதை அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற மாதிரி இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் 14 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். போன மாதம் வழக்கமாக பி.பி. பார்க்க வரும் ஒரு பாட்டியின் மகன் செல்போனை என் முன்னால் நீட்டினார். "டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க, இது நீங்கதானா?" வேறு மாவட்டத்தில் ஒரு டாக்டரின் பெயரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து சில மாதங்களுக்கு நீக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி. என் பெயர், என் இனிஷியல், என் எம்.பி.பி.எஸ். படம் இல்லை. ஊர்ப் பெயர் கடைசி வரியில்தான் வருகிறது. நான் இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினார். பாட்டி அதற்குப் பிறகு வரவில்லை.

அரும்பாக்கம் போய் மெடிக்கல் கவுன்சிலில், என் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொல்லும் குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட் வாங்கி வந்து ஃபிரேம் போட்டு மாட்டினேன். இப்போது அது எதற்கு என்று கேட்கிறார்கள். பதில் சொன்னால், தெரியாதவர்களுக்கும் அந்தச் செய்தி தெரிந்துவிடுகிறது.

கெஜட்டில் பெயரை மாற்றிவிடு, தாத்தாவின் பட்டத்தைப் பின்னால் சேர்த்துக்கொள் என்கிறார் மாமனார். நியூமராலஜி பார்க்கும் நண்பர் ஒரு 'எச்' சேர்த்தால் போதும் என்கிறார். செய்தித் தளத்துக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டு அந்தப் பக்கத்தையே எடுக்கச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். தொழில் செய்கிறவர்களின் பதிவேட்டை இப்படி ஊரே பார்க்கும்படி எதற்குத் திறந்து வைக்கிறார்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

உங்கள் பெயரை நான் வெளியிட்டிருந்தாலும் யாருக்கும் நீங்கள் யாரென்று தெரிந்திருக்காது. வியாதியே அதுதானே.

முதலில் என் கதை. கோழி வளர்ப்பு பற்றி நல்ல கையேடு ஒன்று எழுதிய ஒருவருக்கு என் பெயர். இனிஷியலும் அதேதான். சென்னையில் ஒரு நூலகத்தில் என் முதல் சிறுகதைத் தொகுப்பும் அவருடைய கையேடும் ஒரே ஆசிரியரின் பெயரில் பதிவாகியிருந்தன. ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன். "சார், குஞ்சுங்களுக்கு மூணு நாளா வெள்ளையா கழியுது, நாலு செத்துப்போச்சு." நான் அந்த ஆள் இல்லை என்றால் அவர் நம்பவே இல்லை. "புஸ்தகத்துல உங்க பேருதானே போட்டிருக்கு?" என்றார், கொஞ்சம் கோபமாகவே. கடைசியில் கால்நடை மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அந்த மனிதர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. பெயர் சரி, இனிஷியல் சரி. நம் ஊரில் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க அது போதும் என்று யார்தான் நினைக்கவில்லை?

ஆனால் நம் பெயர்கள் தனியாக நின்று ஆளைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அண்ணன் தம்பி நாலு பேரும் தங்கள் தகப்பனார் பெயரை மூத்த மகனுக்கு வைத்தால் ஒரே வீட்டில் ஒரே பெயரில் நாலு பையன்கள். யாரைக் கூப்பிடுகிறோம் என்பது வீட்டில் குழம்பாது, பெரியவன், சின்னவன், மெட்ராஸ்காரன் என்று போய்விடும். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஏறும்போதுதான் இனிஷியல் தேவைப்படுகிறது. அதே ரிஜிஸ்டரில் அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் வயசைக் கணக்குப் பார்த்து ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு பிறந்த தேதியைப் போட்டுவிடுவார். அதனால் என் தலைமுறையில் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால்கூட ஒரே ஆள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

அந்த இனிஷியலையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் பாழாக்கினோம். தகப்பனார் சுப்பிரமணியம் என்றால் தமிழில் சு., சண்முகம் என்றால் ச., செல்வராஜ் என்றால் செ., சாமிநாதன் என்றால் சா. நாலு பேர், நாலு எழுத்து. ஆங்கிலத்தில் நாலு பேரும் எஸ். ஆகிவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணையிட்டபோது பலர் கேலி செய்தார்கள். மொழிப்பற்றை விடுங்கள், ஆளைப் பிரித்துக் காட்டுவதற்கே அது மேல் என்று எனக்குப் பட்டது. நியாயமாக எதிர்க்கேள்வியும் உண்டு. கணேசனையும் கதிரேசனையும் ஆங்கிலம் ஜி., கே. என்று பிரிக்கிறது, நாம் இரண்டையும் க. என்கிறோம்.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் புலவர் பெயரை எப்படிக் குறித்து வைத்தார்கள் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஊர் மதுரை, தொழில் துணி வியாபாரம், பெயர் இளவேட்டன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும் தகப்பனாரும், கணக்காயர் என்பதால் அந்தத் தகப்பனார் பார்த்த வாத்தியார் வேலையும் வந்துவிடுகின்றன. உங்கள் தொழிலிலேயே ஒருவர் உண்டு, உறையூர் மருத்துவன் தாமோதரனார். உறையூரில் இன்னொரு தாமோதரன் இருந்திருந்தாலும் அந்தச் செல்போன் கேள்வி அவருக்கு வந்திருக்காது. இப்படி அடைமொழி இல்லாமல் வெறும் ஔவையார் என்று நின்றுவிட்டவரைப் பற்றித்தான், ஒருவரா, இருவரா, அதற்கும் மேலா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தாமோதரனார் பெயருக்கு முன்னால் நிற்கும் 'உறையூர் மருத்துவன்' போல இன்று உங்களுக்கு இருப்பது எது? உங்கள் பதிவு எண்தான். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் அதை கிளினிக்கில் தெரியும்படி வைக்கச் சொல்கின்றன. மருந்துச் சீட்டு, சான்றிதழ், நோயாளிக்குக் கொடுக்கும் ரசீது எல்லாவற்றிலும் போடவும் சொல்கின்றன. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய மருந்துச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே சிவப்பில் உங்கள் பெயர், கட்டைவிரல் அகலத்தில். அடுத்து பட்டம். அதற்கடுத்து காலை 9 முதல் 12, மாலை 6 முதல் 9, ஞாயிறு விடுமுறை. பதிவு எண் எங்கே? சீட்டின் அடியில், 'மறுமுறை வரும்போது இச்சீட்டைக் கொண்டு வரவும்' என்பதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி. கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் மருந்துக்கடைக்காரர் ஊதா ஸ்டாம்பைக் குத்திவிட்டார். அந்தப் பாட்டியின் மகன் எத்தனை கண்ணாடி போட்டாலும் அதைப் படித்திருக்க முடியாது.

எண் மட்டும் இருந்தாலும் போதாது, பக்கத்தில் கவுன்சிலின் பெயரும் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக எண் கொடுத்துவந்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் உங்களுக்குள்ள எண் கர்நாடகத்தில் வேறொருவருக்கு இருக்கலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயர்க்காரர்கள் ஒரு பட்டியலாகவே வந்து நிற்பார்கள். எண்ணையும் கவுன்சிலையும் போட்டுத் தேடுங்கள், தகப்பனார் பெயர், படித்த பல்கலைக்கழகம், பட்டம் பெற்ற ஆண்டு எல்லாம் தெளிவாக வரும். இனிஷியல் சுருக்கிப்போட்டதை அந்தப் பக்கம் விரித்துவிடுகிறது. நாடு முழுக்க டாக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரே தனி எண் என்ற ஏற்பாட்டோடு 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவர் பதிவேட்டுத் தளத்தைத் தொடங்கினார்கள். நீங்கள் இன்னும் அதில் ஏறவில்லை என்றால் ஏறிவிடுங்கள்.

ஆடிட்டர்கள் இதில் உங்களைத் தாண்டிவிட்டார்கள். என் மைத்துனர் ஆடிட்டர். 2019லிருந்து அவர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்க எண் ஒன்றை வாங்கிப் போட வேண்டும், அதற்குள்ளேயே அவருடைய உறுப்பினர் எண்ணும் அடக்கம். பேங்க்காரர் அதைத் தட்டிப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். ஆரம்பத்தில் மனிதர் புலம்பித் தீர்த்தார். அவர் பெயரில் தி.நகரிலேயே இன்னொரு ஆடிட்டர் இருப்பது தெரியவந்த பிறகு புலம்பலைக் காணோம்.

உங்கள் மாமனார் யோசனைக்கு வருகிறேன். பட்டம் என்று அவர் சொல்வது சாதிப் பெயரைத்தான் என்றால், தயவுசெய்து வேண்டாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அப்படி விட்டதால் பெயரில் ஒரு துண்டு குறைந்து, ஆளுக்கு ஆள் வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்பது என் கட்சி. ஒரு செய்தித் தளத்தின் சோம்பேறித்தனத்துக்காக நீங்கள் அதைத் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பட்டம் இல்லாமல் பெயரை மட்டும் மாற்றினாலும் எனக்குச் சம்மதமில்லை. கெஜட்டில் பழைய பெயர், புதிய பெயர், முகவரி எல்லாம் சேர்ந்தே அச்சாகும். அந்தச் செய்தி வந்த சில மாதங்களில் அதே பெயர் கொண்ட டாக்டர் ஒருவர் பெயரை மாற்றியிருக்கிறார் என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்? பட்டச் சான்றிதழ், கவுன்சில் பதிவு, பான், ஆதார், பாஸ்போர்ட் என்று அலைய வேண்டியது வேறு. 'எச்' சேர்க்கும் நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கவுன்சில் பதிவில் ஒரு ஸ்பெல்லிங், போர்டில் வேறொன்று என்று ஆகிவிட்டால் உங்களை உங்களோடேயே பொருத்திக் காட்ட முடியாமல் போகும்.

எழுத்தாளர்கள் பெயர் மாற்றியதில்லையா என்று கேட்பீர்கள். எஸ். ரங்கராஜன் எழுத வந்தபோது ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே குமுதத்தில் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். கதையில் அது செல்லும். அவருமே பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அலுவலகத்தில் ரங்கராஜனாகத்தான் சம்பளம் வாங்கினார்.

வக்கீல் நோட்டீஸ் பற்றி. செய்தி போட்டதே குற்றம் என்று சொல்ல முடியாது. நான் சொன்ன அதே 2002 விதிகள், ஒருவர் பெயர் நீக்கப்பட்டால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் பரவலாக வெளியிட வேண்டும் என்கின்றன. போட்ட விதம்தான் கோளாறு. பதிவு எண்ணைப் போடவில்லை, ஊரைக் கடைசியில் ஒளித்தார்கள். எனவே எடுக்கச் சொல்லாதீர்கள், சேர்க்கச் சொல்லுங்கள். முதல் வரியில் ஊர், கூடவே பதிவு எண், அவ்வளவு போதும். நோட்டீஸ் எல்லாம் வேண்டாம், ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெயரொற்றுமை என்பது அவர்களுக்குப் புதிதல்ல. 2024 தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயர், அதே இனிஷியலில் இன்னும் சிலர் நின்றபோது பக்கம் பக்கமாக எழுதினார்கள். தேர்தல் ஆணையம் 2015லேயே வாக்குச் சீட்டில் வேட்பாளர் படத்தைச் சேர்த்தாயிற்று. ஒரு டாக்டரின் பெயரைப் போடும்போது பக்கத்தில் ஒரு எண்ணைச் சேர்க்க அவர்களுக்கு என்ன கஷ்டம்?

பதிவேட்டை ஏன் திறந்து வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அந்த இன்னொரு டாக்டரின் ஊரில் ஒரு பாட்டி இருப்பாள். அவள் மகனும் செல்போனில் தேடுவான். அவனுக்கு உங்கள் பக்கம் கிடைக்கிறது என்று வையுங்கள். 14 வருட அனுபவம், ஒரு புகாரும் இல்லை. நல்ல டாக்டர்தான் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். உங்களுக்கு நடந்ததில் போனது ஒரு நோயாளி. அங்கே போவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவை அடைத்தால் இந்த இரண்டாவது மகனுக்குச் சரிபார்க்க வேறு வழியே கிடையாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும்கூட, சட்டப்படி பொதுவில் வைத்தே தீர வேண்டிய தகவலைத் தன் வரம்புக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. அந்த டாக்டரின் தண்டனைக் காலம் முடிந்து அவர் பெயர் பதிவேட்டில் திரும்ப ஏறும்போது, அதுவும் அவருடைய எண்ணின் பேரில்தான் ஏற வேண்டும். உங்கள் பெயரைக் காட்டி அவர் தப்பிக்கவும் கூடாது, அவர் பெயரால் நீங்கள் கஷ்டப்படவும் கூடாது.

அந்த ஃபிரேமைக் கழற்றிவிடுங்கள். குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்கும் காகிதம், மடிப்பாக்கத்தில் அதைப் பார்த்தால் என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் வாசல் போர்டில் பெயருக்கு நேர் கீழே, பெயரில் பாதி உயரத்திலாவது, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், பதிவு எண் இன்னது என்று எழுதச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டிலும் அதை மேலே ஏற்றுங்கள், ஸ்டாம்ப் எட்டாத இடமாக. கூகுள் மேப்பில் கிளினிக் பெயருக்கு அடியிலும் சேர்த்துவிடுங்கள்.

அந்தப் பாட்டி வீட்டு போன் நம்பர் உங்களிடம் இருக்குமே. பி.பி. மாத்திரை தீர்ந்திருக்குமே என்று ஒரு வார்த்தை கேளுங்கள், செய்தியைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

போர்டு எழுதி முடித்ததும் ஒரு படம் அனுப்புங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று எடுங்கள். அங்கிருந்து எண் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.