டிஸ்க் வால்யூம்களை லேபிள் டேப்பில் எடுத்து வைத்தல்: கேள்வி பதில்

ஐபிஎம் மெயின்ஃபிரேம் கணினிகளின் இசட்/ஓஎஸ் இயங்குதளத்தில், நகலெடுக்கவும் மீட்கவும் உதவும் ஏடிஆர்டிஎஸ்எஸ்யூ நிரலைக் கொண்டு டிஸ்க் வால்யூம்களை டேப்பில் டம்ப் (காப்பு நகல்) எடுப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, லேபிள் இல்லாத டேப்பிலும் தரவு பதிவாகிறதே, எஸ்எல் (ஸ்டாண்டர்டு லேபிள்) டேப்தான் வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள்?

பதில்: பதிவாகும், ஆனால் வேறொரு டேப்பை மாட்டிவிட்டால் அதைக் கண்டுகொள்ள சிஸ்டத்துக்கு வழி இராது. எஸ்எல் டேப்பின் தொடக்கத்தில் 80 பைட் நீளமுள்ள விஓஎல்1 லேபிள் இருக்கிறது. அதிலுள்ள 6 எழுத்து வால்யூம் எண், ஜேசிஎல்லில் (ஜாப்பை விவரிக்கும் கட்டளை வரிகளில்) கேட்ட எண்ணோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கப்படும். அடுத்து வரும் எச்டிஆர்1, டேட்டாசெட்டின் (கோப்பின்) பெயரையும் காலாவதித் தேதியையும் தாங்கியிருக்கும். முடிவில் வரும் ஈஓஎஃப்1, எத்தனை பிளாக்குகள் (தரவுத் தொகுதிகள்) எழுதப்பட்டன என்று பதிந்து வைப்பதால், திரும்பப் படிக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் தெரிந்துவிடும். பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டேட்டாசெட் பெயர் 44 எழுத்து வரை நீளலாம் என்றாலும், எச்டிஆர்1-இல் அதன் கடைசி 17 எழுத்துகளுக்கே இடமுண்டு. ஆகவே டிஸ்க்கின் எண்ணையும் தேதியையும் பெயரின் இறுதியில் வையுங்கள். கேட்டலாக் (எந்த டேட்டாசெட் எங்கே இருக்கிறது என்னும் பட்டியல்) பழுதான நாளில், எந்த டேப் எந்த டிஸ்க்குக்கு உரியது என்பதை லேபிளைப் படித்தே அறியலாம்.

கேள்வி: 3390 மாடல் 3 டிஸ்க்கை 3480 கார்ட்ரிட்ஜ்களில் எடுக்கும்போது, ஐந்தாவது நிறைந்ததும் ஜாப் நின்றுவிடுகிறது. டேப் பழுதா?

பதில்: டேப்பில் பழுதில்லை. அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 3,339 சிலிண்டர் (பல டிராக்குகள், அதாவது வட்டத் தடங்கள், சேர்ந்த அலகு), ஏறத்தாழ 2.8 ஜிபி, ஒரு 3480 கார்ட்ரிட்ஜோ சுமார் 200 எம்பிதான் கொள்ளும். நிறைந்த டிஸ்க்கைச் சுருக்காமல் எடுத்தால் பதினைந்து வரை தேவைப்படும். ஜேசிஎல்லில் எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் சிஸ்டம் 5 என்றே கொள்ளும்; விஓஎல்=(,,,20) என்று எழுதுங்கள்.

கேள்வி: ஒரே டேப்பில் பல டிஸ்க்குகளின் டம்ப்பை வைக்கலாமா?

பதில்: லேபிள்=(2,எஸ்எல்) என வரிசை எண் கொடுத்து வைக்கலாம். முதல் கோப்பின் மேல் மீண்டும் எழுதினால், பின்னால் உள்ளவை அனைத்தும் கைவிட்டுப் போகும்.

கேள்வி: ஒரு முறைக்கு டிஸ்க்கிலிருந்து எவ்வளவு படிப்பது என்று சொல்லும் ஆப்டிமைஸ் எவ்வளவு வைப்பது?

பதில்: 4. ஒரு முறைக்கு ஒரு சிலிண்டர் முழுவதும் படிக்கப்படும். இயல்பான 1 ஒரு டிராக்கை மட்டுமே படிக்கும்.

கேள்வி: முழு வால்யூம் டம்ப் ஓடும்போது மற்ற ஜாப்கள் ஓடலாமா?

பதில்: ஓடும், ஆபத்தும் அதில்தான். முழு வால்யூம் டம்ப் என்பது டிராக்குகளை அப்படியே நகலெடுக்கும் ஃபிசிக்கல் டம்ப்; அது விடிஓசியை (டிஸ்க்கின் உள்ளடக்கப் பட்டியலை) மட்டுமே பூட்டுகிறது. டேட்டாசெட்டை உருவாக்குவதையும் அழிப்பதையும் அது தடுக்குமே தவிர, திறந்திருக்கும் கோப்பில் எழுதுவதைத் தடுக்காது. அதனால் ஒரே கோப்பின் முற்பாதி பழையதாகவும் பிற்பாதி புதியதாகவும் டேப்பில் பதியக்கூடும், ரிட்டர்ன் கோடு 0 (பிழையில்லை) என்று வந்தாலும். எழுதும் ஜாப்களை நிறுத்துங்கள், அல்லது ஃபிளாஷ்காப்பி மூலம் ஒரு கணத்தின் நகலை எடுத்து அதை டம்ப் செய்யுங்கள்.

கேள்வி: சிஸ்டம் டிஸ்க்கே போய்விட்டால் ஏடிஆர்டிஎஸ்எஸ்யூவை எங்கே ஓட்டுவது?

பதில்: இதற்காகவே பில்ட்எஸ்ஏ கட்டளையால், ஐபிஎல் செய்யத்தக்க (அதிலிருந்தே கணினியைத் தொடங்கத்தக்க), தனித்தியங்கும் நிரலை முன்கூட்டியே டேப்பில் எழுதி வைக்க வேண்டும். அது ஃபிசிக்கல் டம்ப்பை மட்டுமே ஏற்கும் என்பதால், சிஸ்டம் டிஸ்க்குகளை லாஜிக்கல் டம்ப்பாக (டேட்டாசெட் வாரியாக எடுத்த நகலாக) மட்டும் வைத்திருப்பது போதாது. ரெஸ்டோர் கட்டளையில் வெரிஃபை எனக் கொடுத்து, அழிக்கப்போகும் டிஸ்க்கின் தற்போதைய வால்யூம் எண்ணைக் குறிப்பிடுங்கள்; எண் பொருந்தாவிட்டால் அந்த டிஸ்க்கின் மேல் எழுதாது.