பால்மாவை நிறுத்த வேண்டாம்: மகனின் சிறுநீரகக் கல் பற்றி

வணக்கம் சகோதரி. ஏழு வயது மகனின் சிறுநீரகத்தில் 4 மில்லிமீற்றர் கல் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும், கல்லில் கல்சியம் இருக்கும் என்பதால் பால்மாவை நிறுத்தும்படி வீட்டார் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். வைத்தியர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒக்சலேற்று என்ற, கல் உருவாகக் காரணமாகும் பொருளைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது; பாலைக் குறைத்தால் அந்த ஒக்சலேற்று உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் கூடுவதோடு, வளரும் எலும்பும் பாதிக்கப்படலாம். உண்மையில் குறைக்க வேண்டியது உப்பைத்தான். சோடியம் கூடும்போது சிறுநீரில் கல்சியமும் கூடுகிறது என்பதால், கடை மிக்சரையும் பக்கற் நூடில்ஸையும் முதலில் நிறுத்திப் பாருங்கள். கல் கரையும் என்று யாரேனும் காமரங்காய்ச் சாறோ பிளிங்காய்ச் சாறோ தந்தால் மறுத்துவிடுங்கள். அவற்றிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும்.

பெரியவர்களைவிடச் சிறுவரிடம் சிஸ்டினூரியா (சிறுநீரில் சிஸ்டின் என்ற அமினோ அமிலம் கூடுவது), முதன்மை ஹைப்பரொக்சலூரியா (உடலே ஒக்சலேற்றை அதிகமாக உருவாக்குவது) போன்ற பரம்பரைக் காரணங்கள் அதிகம் காணப்படுவதால், கல்லின் வகையை அறிவது மிக முக்கியம். சிறுநீரைத் தேயிலை வடியில் வடித்து, கல் விழுந்தால் உலர்த்திச் சிறு போத்தலில் இட்டு வைத்தியரிடம் கொடுங்கள். 24 மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

முன்பு கொடுத்த அன்ரிபயோட்டிக் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானிய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, வாயால் உட்கொள்ளும் ஐந்து வகை அன்ரிபயோட்டிக்குகளுக்கும் கற்களுக்கும் தொடர்பு இருப்பதையும், சிறுவயதில் அத்தொடர்பு வலுவாக இருப்பதையும் காட்டியது. ஆயினும் அது தொடர்பே தவிர, நிரூபிக்கப்பட்ட காரணம் அன்று.

வலியுடன் காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மறுநாள் கிளினிக்குக்குக் காத்திராமல் உடனே கொழும்பு, பொரளை சிறுவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.