லினக்ஸில் நாங்களே எழுதிய நிரலின் டாக்குமென்ட் கோப்புகளை எந்த ஃபோல்டரில் வைப்பது?

/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டாக். அதற்குள் உங்கள் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள்.

/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் என்றும் ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பேக்கேஜ் மேனேஜரின், அதாவது நிரல்களைப் பொதிகளாக (பேக்கேஜ்களாக) நிறுவி நீக்கும் கருவியின் இடம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் ஒவ்வொரு பேக்கேஜும் தன் காப்பிரைட் விவரத்தை அங்கேதான் வைக்க வேண்டும். நாம் கையால் போட்ட கோப்பும் அங்கே கிடந்தால், எது யாருடையது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. லோக்கல் என்பது அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே விட்ட இடம். சிஸ்டத்தை அப்டேட் செய்தாலும் அதில் இருப்பதை அழிக்கக் கூடாது என்பது எஃப்எச்எஸ் என்ற பொது விதி. 1994-ல் வேறு பெயரில் தொடங்கிய விதி அது, 3.0 பதிப்பு 2015-ல் வந்தது.

எழுதியவரின் ஹோம் ஃபோல்டரில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் சர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். தோலின் எடைக்கு எத்தனை சதவீதம் கெமிக்கல் என்று கணக்குப் போட்டு, டிரம்முக்கு இத்தனை கிலோ என்று சொல்லும் ஒரு சின்ன நிரல் அங்கே உண்டு. எழுதிய பையன் வாலாஜாக்காரர், கெட்டிக்காரர். விளக்கத்தையெல்லாம் அருமையாக எழுதி, தன் ஹோமிலேயே வைத்திருந்தார். வேலை மாறிச் சென்னைக்குப் போனதும் வழக்கம்போல அவர் அக்கவுன்ட்டை நீக்கினார்கள், விளக்கமும் சேர்ந்து போய்விட்டது. நிரல் ஓடுகிறது, ஆனால் ஒரு சதவீதத்தை மாற்ற எல்லோருக்கும் பயம். பிறகு ஷிப்ட் சூப்பர்வைசர்களிடம் கேட்டுக் கேட்டுத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

இப்போது அதை மேன் பக்கமாகவும், அதாவது மேன் என்ற கட்டளை திரையில் காட்டும் கையேட்டுப் பக்கமாகவும் வைத்திருக்கிறோம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/மேன்/மேன்1 என்ற ஃபோல்டரில், நிரலின் பெயர், ஒரு புள்ளி, 1 என்று கோப்புக்குப் பெயர். நைட் ஷிப்டில் இருப்பவர் மேன் என்று தட்டி நிரலின் பெயரைக் கொடுத்தால் போதும், ஃபோல்டர் எதுவும் தெரிய வேண்டாம். நிர்வாகி மட்டும் ஓட்டும் நிரல் என்றால் 1-க்குப் பதில் 8.

இன்னொன்று முக்கியம். நிரல் ஓடும்போது தானே திறந்து படிக்கும் கோப்பை, அது உதவித் திரையின் வாசகமாகவே இருந்தாலும், டாக் ஃபோல்டரில் வைக்கக் கூடாது. டாக் முழுவதையும் அழித்தாலும் நிரல் ஓட வேண்டும் என்பது டெபியனின் கொள்கை. இடத்தை மிச்சப்படுத்த, பல டாக்கர் இமேஜ்களில் (நிரலையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதிகளில்) பேக்கேஜ்களின் டாக் கோப்புகளை இறக்குவதே இல்லை. அந்த மாதிரிக் கோப்புக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் அடியில், நிரலின் பெயரிலேயே தனி ஃபோல்டர் போடுங்கள். செட்டிங்ஸ் என்றால் /இடிசி.

அப்புறம், சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு காப்பி செய்தபின் ஃபோல்டருக்கு 755, கோப்புகளுக்கு 644 அனுமதி (எல்லோரும் படிக்கலாம், உரிமையாளர் மட்டும் மாற்றலாம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரூட் என்ற நிர்வாகி அக்கவுன்ட் தவிர யாராலும் படிக்க முடியாமல் போகலாம். பின்னால் இதையே டெப் பேக்கேஜாக (டெபியனின் பேக்கேஜ் வடிவில்) கட்டினால், அப்போது டாக்குமென்ட் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்குக்குப் போகட்டும். லோக்கலில் இருக்கும் பழைய பிரதியை எடுத்துவிடுங்கள்.