பாடம் செய்யப்பட்ட புல்

கேள்வி: கஜா புயலில் எங்கள் தோப்புத் தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. வரப்பில் இருந்த அருகம்புல்லோ சில நாட்களிலேயே பசுமையாக எழுந்துவிட்டது. நிமிர்ந்தது வீழும், பணிந்தது பிழைக்கும் என்பதுதானே இயற்கை நமக்குத் தரும் ஆன்மிகப் பாடம்?
– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்: உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் 'பாடம்'. செத்த புலியின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோலைத் திணித்து, கண்ணாடிக் கண் பதித்துக் கூடத்தில் நிறுத்தி வைப்பதையும் தமிழில் 'பாடம் செய்தல்' என்றே சொல்கிறோம். இயற்கையிடம் பாடம் கற்கச் சொல்லும் மேடைப் பேச்சுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

நாற்பது வயதில் மலையுச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி எறிந்து, புது அலகு முளைத்ததும் மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்கிற கழுகின் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு கழுகு கிடையாது. அலகு உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது. அது பட்டினி கிடந்து செத்துப்போகும். இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஏனென்றால் அந்தக் கதையைக் கேட்க உட்கார வைக்கப்படுகிறவர்கள் வேலை இழந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும். கழுகால் முடிந்தது நம்மால் முடியவில்லையே என்று அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

உங்கள் தென்னைக்கு வருகிறேன். நீங்கள் மரம் என்றும் புல் என்றும் பிரித்து வைத்த இரண்டையும் தொல்காப்பியம் ஒரே இனத்தில் சேர்த்திருக்கிறது. அதன் மரபியலில் புறத்தே வயிரம் கொண்டவை புல், அகத்தே வயிரம் கொண்டவை மரம். ஓலை, பாளை, ஈர்க்கு, குலை எல்லாம் புல்லின் உறுப்புகளாகவே அங்கே சொல்லப்படுகின்றன. ஆக, அந்தக் கணக்கில் 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் உங்கள் தோப்பில் சாய்ந்ததும் புல்தான், வரப்பில் எழுந்ததும் புல்தான். அது மட்டுமன்று. உங்கள் பகுதியில் அதே இரவில் அதே காற்றில் எத்தனையோ பனைகள் நிமிர்ந்தபடியே நின்றனவே, அவை யாருக்குப் பணிந்தன? தென்னை சாய்ந்ததற்குக் காரணம் கர்வமன்று. அகன்று விரிந்த மட்டைகளும் காய்க்குலைகளும் காற்றை முழுதாக வாங்கின; ஆணிவேர் இல்லாத அந்தச் சல்லிவேர்க் கற்றையை நனைந்த மண்ணால் பிடித்து வைக்க முடியவில்லை. சாய்ந்த ஒன்றின் மேல், அது நிமிர்ந்து நின்றதே குற்றம் என்று பழி போடுகிற எதையும் ஆன்மிகம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அருகு எழுந்ததற்கும் காரணம் உண்டு. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, உச்சியில் இருக்கும் குருத்து. அது முறிந்தால் மரம் போயிற்று. அருகுக்குக் கணுதோறும் ஒரு குருத்து. மண்மேல் ஓடும் கொடியும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் கணுவுக்குக் கணு வேர்விடுவதால், துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகத் தழைத்துவிடும். 'அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்திய அதே விவசாயி, கோடை உழவில் அந்தத் தண்டுகளைப் புரட்டிப் போட்டு வெயிலில் காயவிட்டதும் இதை அறிந்துதான்.

அந்த அருகுக்கும் தாங்க முடியாத ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் கொல்லையில் நெடுநாள் கிடந்த துவைகல்லைப் புரட்டினேன். அடியில் இருந்த அருகு வெளுத்து, நூலாக மெலிந்து, பச்சை என்ற நிறமே இல்லாமல் கிடந்தது. மிதித்தால் தாங்கும், ஆடு மேய்ந்தால் தாங்கும், சித்திரை வெயிலில் கருகினாலும் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். நிழலை மட்டும் அதனால் தாங்க முடியாது. ஒரே ஒரு கொடி கல்லின் விளிம்பு வரை ஊர்ந்து, அங்கே தலைநீட்டிய ஒரு விரற்கடை அளவில் மட்டும் பச்சை பிடித்திருந்தது. அதன் முன் நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பிரார்த்தனையில் கூட அத்தனை நேரம் நான் அசையாமல் இருந்ததில்லை. அப்போது எந்தப் பாடமும் எனக்குத் தோன்றவில்லை. கல்லை மறுபடி அந்த இடத்தில் போட மட்டும் மனம் வரவில்லை.

நெட்டைத் தென்னை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். புயலுக்குப் பிறகு கன்று வைத்திருந்தீர்களானால் இப்போது பாளை வெடித்திருக்க வேண்டும். தோப்பில் பழைய தூர் ஒன்று பெயர்ந்த குழி இன்னும் மூடப்படாமல் இருந்தால், ஒரு காலையில் அதன் ஓரமாக உட்கார்ந்து, உள்ளே என்னென்ன முளைத்திருக்கின்றன என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.